பத்து அறை முயல் கூண்டு செட்: கம்பி தேறுகிறது, கணக்கு இடிக்கிறது

இரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஐந்து அறை. ஒவ்வோர் அறையும் 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழம், ஒன்றரை அடி உயரம். கூடவே தீவனம் போட 10 ஃபீடர், தண்ணீர் குடிக்க 10 நிப்பிள், 20 லிட்டர் தொட்டி, தாய் குட்டி ஈனுவதற்குத் தகட்டில் செய்த 4 குட்டிப் பெட்டி, மேலடுக்குக்கு 5 பிளாஸ்டிக் ட்ரே, வலைகளை இணைக்க ஒரு பாக்கெட் கிளிப், அதை அடிக்க ஒரு பிளையர். ‘7 பெண், 3 ஆண் வைத்துப் பண்ணை தொடங்க வேண்டியது எல்லாம் இதிலேயே இருக்கிறது’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பல பட்டறைகள் கிட்டத்தட்ட இதே அளவில் இதே பொருளைச் செய்கின்றன. அதனால் யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, செய்திருப்பது எப்படி என்று பார்ப்போம்.

‘எல்லாம்’ என்ற அந்த வார்த்தையில்தான் சிக்கல். அதற்குப் பிறகு வருவோம். முதலில் கம்பி.

தரைக் கம்பி 14 கேஜ், கண் அளவு அரை இன்ச்சுக்கு ஒரு இன்ச். பக்கமும் கூரையும் 16 கேஜ், ஒரு இன்ச்சுக்கு இரண்டு இன்ச். காகிதத்தில் இது சரியான தேர்வு. 14 கேஜ் என்றால் கம்பி 2 மி.மீ. தடிமன், 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ. கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். தரைக்கும் 16 கேஜையே போட்டுத் தலையில் கட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம். இறக்கும்போதே வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். இந்த செட்டில் தரை 2 மி.மீ. இருக்கிறது. 4 கிலோ தாய் முயல் உட்கார்ந்தாலும் வளைவது குறைவு. ஆனாலும் இரண்டரை அடி ஆழத்துக்கு நடுவில் ஒரு தாங்கு கம்பி வேண்டும், அது இல்லை. நாளாக ஆக நடுவில் குழி விழும். முயல் அந்தக் குழியிலேயே உட்காரும், புழுக்கையும் அங்கேயே தேங்கும். ஒரு 6 மி.மீ. கம்பியைக் குறுக்கே கொடுத்துக் கட்டினால் போதும். பட்டையான இரும்பைக் கொடுக்க வேண்டாம், அதன் மேலேயே புழுக்கை குவிந்துவிடும்.

வெல்டு செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, முன்பே முக்கி எடுத்த கம்பியை வெல்டு செய்ததா என்பது அடுத்த கேள்வி. கம்பிகள் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மூட்டைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பூச்சு வழிந்து மூடியிருந்தால் பிறகு முக்கியது. மூட்டில் மட்டும் கருப்பாகவோ பழுப்பாகவோ சின்னப் புள்ளி தெரிந்தால் முன்பே முக்கியது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோயிருக்கும். துரு அங்கிருந்துதான் பிடிக்கும், அதுவும் முயல் மூத்திரம் பெய்யும் மூலையில் முதலில். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் பெய்யும் என்பதால் அறைக்கு ஒரு மூலை மட்டும் சீக்கிரம் அரித்துப்போகும். இந்த செட்டில் தரை பிறகு முக்கியது, பக்கங்கள் முன்பே முக்கியவை. காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பக்கம்தான், ஆகவே இதில் குறை சொல்வதற்கில்லை. பிறகு முக்கிய கம்பிக்கு வேறொரு தொல்லை உண்டு: துத்தநாகம் சொட்டி உறைந்து ஊசி போல நிற்கும். முயலை விடுவதற்கு முன் உள்ளங்கையால் தரை முழுக்கத் தடவிப் பார்த்து, தட்டுப்படும் முனைகளை அரம் வைத்துத் தேய்த்துவிட வேண்டும். பாதத்தில் குத்தும் அந்த ஒரு முனையிலிருந்துதான் பாதப்புண் தொடங்குகிறது. பின்னங்கால் பாதத்தில் முடி கொட்டி, தோல் சிவந்து, புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டால் அந்தப் பெண் முயல் ஆணை ஏற்காது, தீவனமும் குறைக்கும். இனப்பெருக்கத்துக்கு முயல் வாங்க வருகிறவர் முதலில் திருப்பிப் பார்ப்பதும் அந்தப் பாதத்தைத்தான்.

தரை வலையை எந்தப் பக்கம் மேலே வைப்பது என்று செட்டோடு வரும் படத்தில் இல்லை. அரை இன்ச் இடைவெளியில் நெருக்கமாக ஓடும் கம்பிகள் மேலே வர வேண்டும், ஒரு இன்ச் இடைவெளிக் கம்பிகள் கீழே. மாற்றிப் போட்டால் பாதத்துக்கு ஊன்ற இடம் பாதியாகிவிடும். கனத்த இனங்களை வளர்ப்பவர்கள் எப்படிப் போட்டாலும் அறைக்கு ஒரு பிளாஸ்டிக் மிதியடித் தட்டு வைப்பது நல்லது. நியூசிலாந்து வெள்ளை, கலிஃபோர்னியன் போன்ற நடுத்தர இனங்களுக்குப் பாதத்தில் முடி அடர்த்தியாக இருந்தால் வெறும் கம்பியே தாங்கும்.

பக்க வலையில்தான் பெரிய ஓட்டை. ஒன்றுக்கு இரண்டு இன்ச் கண் என்றால் பிறந்த குட்டி அதில் நுழைந்து வெளியே போய்விடும். இந்த செட்டில் அறைகளுக்கு நடுவே இருப்பதும் அதே ஒற்றை வலை. பெட்டியிலிருந்து தவறி விழுந்த குட்டி பக்கத்து அறைக்குள் ஊர்ந்து போனால், அங்கே இருக்கும் முயல் அதைக் கடித்துவிடலாம். தாய் முயல் வைக்கும் அறைகளின் நான்கு பக்கமும் அடியில் 4 இன்ச் உயரத்துக்கு அரைக்கு ஒரு இன்ச் வலையைப் பட்டையாக வெட்டிக் கட்டியே ஆக வேண்டும். ஓர் அறைக்குச் சுற்றளவு 9 அடி. அடுத்தடுத்த அறைகளுக்கு நடுச்சுவர் பொது என்பதால் ஏழு அறைக்கும் சேர்த்து ஐம்பதரை அடியில் முடிந்துவிடும். இதைச் செய்யும் பட்டறையிலேயே பக்க வலையாகக் கீழே நெருக்கமும் மேலே அகலமும் உள்ள ரகத்தைப் போட்டிருக்கலாம். அப்படி ஒரு வலை இந்தத் தொழிலுக்கென்றே வருகிறது.

கிளிப் பாக்கெட்டை எண்ணிப் பார்க்காமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஓர் அடுக்குக்குத் தரை, கூரை விளிம்பு, நான்கு மூலை, நான்கு நடுச்சுவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 26.8 மீட்டர் மூட்டு வருகிறது. 10 செ.மீ.க்கு ஒன்று என்றால் அடுக்குக்கு 268, இரண்டுக்கும் 536, கதவுக் கீல்களுக்கு இன்னும் 30. பாக்கெட்டில் 400தான் இருக்கிறது. அதை வைத்து ஒப்பேற்றினால் இடைவெளி 14 செ.மீ. ஆகும், தரைக்கும் சுவருக்கும் நடுவே முயல் மிதிக்கும்போது வாய் திறக்கும், குட்டியின் கால் அதில் மாட்டும். பற்றாக்குறைக்கு பிளாஸ்டிக் டை போடலாம் என்று நினைப்பீர்கள். ஒரே ராத்திரியில் கடித்துத் துப்பிவிடும். கூடுதல் கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெட்டு முனை எல்லாம் வெளிப்பக்கம் இருக்கும்படி அடியுங்கள்.

கதவு 30 செ.மீ. சதுரம், உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே திறக்கும் கதவு நல்லதுதான். கொக்கி போட மறந்தாலும் தன் கனத்தில் மூடிக்கொள்ளும், முயல் முட்டினாலும் திறக்காது. ஆனால் குட்டிப் பெட்டியின் உயரமும் 30 செ.மீ. விளிம்பு மடிப்பு போகக் கதவில் கிடைக்கும் இடம் 29 செ.மீ.தான். பெட்டியைச் சாய்த்துத்தான் உள்ளே தள்ள முடியும். காலிப் பெட்டியைச் சாய்க்கலாம்; வைக்கோலும் முடியும் எட்டுக் குட்டியும் உள்ள பெட்டியை எப்படிச் சாய்ப்பது? செத்த குட்டியை எடுக்கவோ ஈரப் படுக்கையை மாற்றவோ கையைக் கூண்டுக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். பெட்டியின் முதுகை 3 செ.மீ. வெட்டி மடித்துக்கொள்வது ஒரு வழி. ஆர்டர் கொடுக்கும்போதே கதவை 35 செ.மீ. உயரமாகக் கேட்பது அதைவிட எளிது.

குட்டிப் பெட்டியைப் பற்றி இன்னும் இருக்கிறது, ஏனென்றால் குட்டிகள் பிழைப்பதும் போவதும் முதல் பத்து நாளில், இந்தப் பெட்டிக்குள்தான். அளவு 45 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். நடுத்தர இனத்துக்கு இது கச்சிதம். பெரிதாக இருந்தால் தாய் அதிலேயே படுத்துப் புழுக்கை போட ஆரம்பித்துவிடும். வாசல் படியின் உயரம்தான் தப்பு: 10 செ.மீ. வைத்திருக்கிறார்கள், 15 வேண்டும். தாய் முயல் நாளுக்கு ஒரு தடவை, மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் பால் கொடுக்கும். முடிந்ததும் குதித்து வெளியே போய்விடும். காம்பை விடாத குட்டி கூடவே இழுபட்டு வரும். படி உயரமாக இருந்தால் அதில் தட்டி உள்ளேயே விழும். தாழ்வாக இருந்தால் கம்பித் தரையில் விழும். முடியில்லாத குட்டிக்கு முதல் நாட்களில் கூட்டுக்குள் 30 டிகிரிக்கு மேல் கதகதப்பு வேண்டும். கம்பியில் கிடந்தால் விறைத்துப்போகும். தாய் அதை வாயில் கவ்வித் திரும்ப உள்ளே கொண்டுவரும் என்று எதிர்பார்க்காதீர்கள், முயலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. 5 செ.மீ. மரப்பட்டை ஒன்றைப் படியின் மேல் திருகிவிட்டால் இந்தக் குறை தீர்ந்தது.

தகடு என்பதால் கழுவுவதும் கிருமி போக்குவதும் சுலபம், முயல் கொறிக்கவும் முடியாது. மரப்பெட்டியைவிட இந்த விஷயத்தில் மேல். ஆனால் குளிரில் சில்லென்று ஆகிவிடும், வெயிலில் கொதிக்கும், மூச்சின் ஈரம் உள்சுவரில் வியர்த்து வழியும். அடியில் அட்டைப்பெட்டித் துண்டு, அதன் மேல் 5 செ.மீ. மரச்சீவல், அதன் மேல் காய்ந்த புல் என்று அடுக்குங்கள். மரத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். நூல் போல நீளமாக ஓடும் நார் எதையும் போடாதீர்கள், குட்டியின் கழுத்திலும் காலிலும் சுற்றி இறுக்கும். பெட்டியின் அடியில் ஓட்டையே இல்லை என்பது இன்னொரு குறை. குட்டிகளின் மூத்திரம் தேங்கிப் படுக்கை நனையும். 6 மி.மீ. ட்ரில்லால் எட்டு ஓட்டை போடுங்கள், உள்ளிருந்து வெளியே. பிசிறு வெளிப்பக்கம் நிற்கட்டும்.

ஏழு பெண்ணுக்கு நான்கு பெட்டிதானா என்று கேட்பவர்கள் உண்டு. அது போதும். சினைக்காலம் 31 நாள். 28ஆம் நாள் பெட்டியை வைத்து, குட்டிகளுக்கு 20 நாள் ஆகும்போது எடுத்துவிடலாம். ஆக ஒரு தாய்க்குப் பெட்டி தேவைப்படுவது 23 நாள். நான்கு பெண்ணை ஒரு பேட்சாகவும் மூன்றை இன்னொரு பேட்சாகவும் ஆணோடு சேர்த்தால் பெட்டி சரியாகச் சுழலும். பேட்சாகச் சேர்ப்பதில் பெரிய லாபம் வேறு: ஒருத்தி பத்து ஈன்று இன்னொருத்தி நான்கு ஈன்றால், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் குட்டிகளைப் பங்கிட்டு வைத்துவிடலாம். வயதும் உருவமும் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் அமைப்பு இந்த செட்டின் பலவீனமான பகுதி. தொட்டி ஸ்டாண்டின் உச்சியில், ஒரே குழாய் இரண்டு அடுக்குக்கும் இறங்குகிறது. மேலடுக்கு நிப்பிளுக்கும் கீழடுக்கு நிப்பிளுக்கும் நடுவே முக்கால் மீட்டருக்குக் குறையாத உயர வித்தியாசம். மேலே அழுத்தம் போதாமல் சொட்டுச் சொட்டாக வரும், கீழே அழுத்தம் மிஞ்சி நிப்பிள் ஒழுகும். கீழடுக்கில் ஒழுகினால் தரை ஈரம், ஈரம் என்றால் ரத்தக்கழிச்சல் (காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் நோய்). குழாயும் கண்ணாடி போல் தெளிவானது. வெளிச்சம் பட்டு ஒரு மாதத்தில் உள்ளே பாசி பிடிக்கும், பாசி நிப்பிளின் ஊசியை அடைக்கும். கடைசி முனையில் ஒரு மூடி போட்டிருக்கிறார்கள், அங்கே குழாய் வால்வு இருக்க வேண்டும். வால்வு இருந்தால்தான் காற்றுக் குமிழை வெளியேற்றவும் வாரத்துக்கொரு முறை குழாயை அலசிவிடவும் முடியும்.

கறுப்புக் குழாய், அடுக்குக்கு ஒரு சின்ன மிதவைத் தொட்டி, இரண்டு முனையிலும் வால்வு. இந்த மூன்றையும் மாற்றாமல் முயலை இறக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. நிப்பிளின் உயரம் வளர்ந்த முயலுக்கு 20 முதல் 25 செ.மீ.; குட்டிகள் இருக்கும் அறையில் 15 முதல் 18 செ.மீ.க்கு இறக்குங்கள். தினமும் காலையில் பத்து நிப்பிளையும் விரலால் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான். நிப்பிள் அடைத்த அறையை ஃபீடரே காட்டிக்கொடுக்கும்: நேற்று போட்ட தீவனம் அப்படியே இருக்கும். தண்ணீர் இல்லாத முயல் தீவனத்தைத் தொடாது, பால் கொடுக்கும் தாய்க்குப் பால் குறையும். பாலூட்டும் தாயும் குட்டிகளும் சேர்ந்து நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிப்பது சாதாரணம். தொட்டியை வெயிலில் வைக்காதீர்கள், சூடான தண்ணீரை முயல் குறைவாகத்தான் குடிக்கும்.

ஃபீடர் நன்றாக இருக்கிறது. தாராளமாகச் சொல்லலாம். வெளியிலிருந்து கொட்டி உள்ளிருந்து தின்னும் வடிவம், அடியில் சல்லடை ஓட்டை, விளிம்பெல்லாம் மடிப்பு. 4 மி.மீ. பெல்லட் தீவனம் நிற்கும், தூள் மட்டும் இறங்கும். தூள் தங்கினால் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும், முயலும் தும்மும். வாயைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள்; தாழ்த்தி மாட்டினால் மூன்று வாரக் குட்டிகள் உள்ளே ஏறி உட்கார்ந்து மூத்திரம் பெய்யும். புல் வைக்கத் தட்டு எதுவும் செட்டில் இல்லை. புல்லைத் தரையில் போட்டால் மிதித்து, நனைத்து, அதையே தின்று ரத்தக்கழிச்சலை வரவழைத்துக்கொள்ளும். மிஞ்சும் பக்க வலையை ‘வி’ வடிவில் மடித்து இரண்டு அறைக்கு நடுவே மாட்டலாம்.

ட்ரே தட்டையானது, 5 செ.மீ. விளிம்பு. மேலடுக்கின் மூத்திரம் முழுவதும் கீழ்முயலின் தலைக்கு மேல் தேங்கி நிற்கிறது. மூத்திரம் நொதித்து எழும் அம்மோனியா மூக்கின் உள்தோலை அரிக்கும். தும்மல், வெள்ளைச் சளி, முன்னங்காலால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அந்தக் காலின் உள்பக்க முடி திரித்திரியாக ஒட்டிக்கொள்வது எல்லாம் அதன் பின்னால் வரும். நீங்கள் நின்றுகொண்டு மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து கீழறையின் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ட்ரேயைத் தினமும் கொட்டுவதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பின்பக்கம் சரிவாக ஒரு தகடு கொடுத்து, அடியில் வாய்க்கால் போட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். ட்ரேயில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு சோப்புக்கு அசையாது. வினிகரை ஊற்றி ஊறவைத்தால் உரிந்துவரும்.

ஸ்டாண்டின் கால் ஓர் அடிதான். கீழறையைச் சுத்தம் செய்ய மண்டி போட வேண்டும், தரையின் ஈரமும் நேரே ஏறும். செங்கல் வைத்துக் கீழடுக்கை இரண்டரை அடிக்கு உயர்த்தினால், மேலடுக்குப் பெட்டிக்குள் பார்க்க ஸ்டூல் தேவைப்படும். இடம் இருப்பவர்கள் இரண்டு அடுக்கையும் பிரித்து இடுப்பு உயரத்தில் ஒற்றை வரிசையாக வைப்பதே மேல். ட்ரே தொல்லையும் தண்ணீர் அழுத்தத் தொல்லையும் ஒரேயடியாகத் தீரும். அடுக்காகவே வைப்பதென்றால் ஆண் முயல்களைக் கீழே வையுங்கள், செட்டோடு வரும் படத்தில் மேலே காட்டியிருந்தாலும். கூரைச் சூடு மேலடுக்கில்தான் இறங்கும். 30 டிகிரிக்கு மேல் சில நாள் தொடர்ந்தாலே ஆணின் விந்து கெடும், திரும்பச் சரியாக இரண்டு மாதம் பிடிக்கும். அந்த நாட்களில் சேர்த்த பெண்கள் எல்லாம் சினை பிடிக்காமல் நிற்கும்போது, குற்றம் பெண் மீது விழும்.

இப்போது அந்தக் கணக்கு.

பத்து முயலுக்குப் பத்து அறை. ஏழு தாயும் மூன்று ஆணும் ஏறியவுடன் செட் நிரம்பிவிட்டது. விற்கப்போகும் குட்டிகளுக்கு இடம் எங்கே? 31 நாள் சினை, 35 நாளில் தாயிடமிருந்து பிரிப்பு, தவறிப்போகும் சேர்க்கைக்குச் சில நாள். ஒரு சுற்று 70 நாள், ஆண்டுக்கு 5 ஈற்று. ஏழு தாய்க்கு 35 ஈற்று, ஈற்றுக்கு 6 குட்டி தேறினால் 210 குட்டி. ஐந்து வாரத்தில் பிரித்த குட்டி 12 வாரத்தில் 2 கிலோ உயிர் எடைக்கு வந்து விற்பனைக்குப் போகும்வரை 49 நாள் எங்காவது வளர வேண்டும். சராசரியாக எந்த நாளிலும் 28 குட்டி. இந்த அளவு அறையில் 5 குட்டிதான் நெருக்கடி இல்லாமல் வளரும். ஆக 6 அறை.

சராசரியை நம்பினால் கையைக் கடிக்கும். நான்கும் மூன்றுமாக இரண்டு பேட்ச் ஓட்டினால், முதல் பேட்சின் 24 குட்டி விற்கும் முன்பே இரண்டாவது பேட்சின் 18 வந்து சேரும். அந்த இரண்டு வாரம் 42 குட்டிக்கு 9 அறை வேண்டும். அந்த 9 அறை இல்லாதபோது நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றேதான்: குட்டிகளைத் தாயிடமே விட்டுவைப்பார்கள், தாயின் அடுத்த சேர்க்கை தள்ளிப்போகும், ஆண்டுக்கு ஐந்து ஈற்று மூன்றாகும். அல்லது பத்துப் பன்னிரண்டை ஒரே அறையில் அடைப்பார்கள், ரத்தக்கழிச்சல் வரும். ஆண் குட்டிகள் 12 வாரம் தாண்டினால் ஒன்றையொன்று கடித்து விதைப்பையைக் கிழித்துக்கொள்ளும். அவசரத்தில் ஒன்றரைக் கிலோவிலேயே விற்றுத் தள்ளுவதும் இதனால்தான். கறிக்கு வாங்குபவருக்கு உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கறி தேறும். சின்ன முயலில் அதுவும் குறையும், விலை பேசும்போது அது உங்கள் தலையில் விழும்.

இனப்பெருக்கத்துக்கு விற்கலாம் என்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமை. 12 வாரத்தில் தேர்ந்தெடுத்த முயலை 20 வாரம் வரை தனி அறையில் வைக்க வேண்டும், 56 நாள். அந்த நாட்களில் அதே அறையில் 5 கறி முயல் வளர்ந்து விற்பனைக்குப் போயிருக்கும். தீவனத்தில் மட்டும் இந்தப் பக்கம் சாதகம்: கறி முயலுக்கு ஐந்தாவது வாரத்திலிருந்து தலைக்கு நாலரைக் கிலோ வீதம் ஐந்துக்கும் இருபத்திரண்டரைக் கிலோ ஆகும், தனி முயலுக்கு 7 கிலோ சொச்சம். ஆகவே ஓர் இனவிருத்தி முயலின் விலை, ஐந்து கறி முயல் விற்றுத் தீவனச் செலவு போக நிற்கும் தொகையைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அந்த அறையில் கறி முயலை வளர்ப்பதே லாபம். இரண்டு பெண்ணை ஒன்றாக வைத்து இடத்தை மிச்சப்படுத்த நினைப்பார்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறினாலே முயலுக்கு முட்டை இறங்கிவிடும். பொய்ச்சினை பிடித்து 16 முதல் 18 நாள் ஆணை ஏற்காது. வாங்கிப் போனவர் சினை நிற்கவில்லை என்று திரும்பி வருவார்.

மூன்று ஆண் எதற்கு என்பதும் தெரியவில்லை. ஓர் ஆண் எட்டு முதல் பத்துப் பெண்ணுக்குப் போதும். ஒன்று படுத்துக்கொண்டால் கைவசம் இருக்கவும், ரத்த உறவைத் தவிர்க்கவும் இரண்டாவது வேண்டும். மூன்றாவது ஆண் தீவனத்தையும் ஓர் அறையையும் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த அறையைக் குட்டிக்குக் கொடுக்கலாம்.

அறை வாசலில் மாட்ட ஒரு கார்டு கிளிப் கொடுத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டியது. அளவுதான் விசிட்டிங் கார்டு அளவு. சேர்த்த தேதி, எந்த ஆண், 12 முதல் 14ஆம் நாளுக்குள் வயிற்றைத் தடவிப் பார்த்த முடிவு, பெட்டி வைக்கும் 28ஆம் நாள், ஈன்றது எத்தனை, பிரித்தது எத்தனை; இத்தனையும் எழுதப் போஸ்ட் கார்டு அளவாவது வேண்டும். தாய் தகப்பன் எண் எழுதாத அறையிலிருந்து இனவிருத்திக்கு முயல் விற்கக்கூடாது. கூடப் பிறந்த ஆணையும் பெண்ணையும் ‘ஜோடி’ என்று விற்றுவிட்டால், ஓரிரு தலைமுறையில் ஈற்று சுருங்கிக் குட்டியும் நோஞ்சானாக, பழி கடைசியில் உங்களிடம்தான் வரும்.

பராமரிப்பில் ஒன்று. கம்பியில் ஒட்டிய முடியை ஊதுவிளக்கால் எரிப்பது நல்ல வழக்கம், ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைகளுக்குச் சூடுதான் எமன். பிளீச்சிங் பவுடர் அவற்றை அசைக்காது. ஆனால் சுடரை ஒரே இடத்தில் நிறுத்தினால் துத்தநாகப் பூச்சு உருகிப் புகையும், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது. முயலை வெளியேற்றி, செட்டைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, சுடரை ஓட்டிக்கொண்டே போங்கள்.

வாங்கலாமா என்றால், தரைக் கம்பிக்கும் ஃபீடருக்குமாக வாங்கலாம். முழு செட்டாக வேண்டாம். பட்டறைக்காரர் பிரித்துக் கொடுக்கத் தயங்கமாட்டார். ட்ரே, குழாய், தொட்டி மூன்றையும் கழித்துக்கொண்டு, அந்தத் தொகைக்குக் கூடுதல் அறைகளைக் கேளுங்கள். ஏழு தாய் வைக்க ஆசைப்பட்டால் பதினெட்டு அறை. பத்து அறைக்குத்தான் வசதி என்றால் நான்கு தாய், ஓர் ஆண், ஐந்து அறை குட்டிக்கு. நான்கையும் ஒரே பேட்சாகச் சேர்த்தால் 24 குட்டி, ஐந்து அறையில் அடங்கும், நான்கு பெட்டியும் பொருந்தும். இதற்கு வெளியே, கொட்டகையிலிருந்து தள்ளி, தனியாக ஓர் அறை வேண்டும். வெளியிலிருந்து வாங்கி வரும் எந்த முயலும் 30 நாள் அங்கே இருந்து, காதுச் சொறியும் தும்மலும் இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே வர வேண்டும். அந்த அறைக்குத் தனி ஃபீடர், தனி நிப்பிள்; தீவனம் போடுவதும் கடைசியாகத்தான்.